இரண்டு டாக்டர், இரண்டு பொட்டலம், ஒரு தோள்

போன வெள்ளிக்கிழமை காலை எங்கள் கடையில் ஒரு விசேஷம். என் மனைவி சரோஜா, கழுவின இட்லிக் குண்டானைத் தலைக்கு மேலே இருக்கிற பலகையில் தூக்கி வைத்தாள். வலது கையால்!

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நாங்கள் நாஷ்டா கடை வைத்திருப்பது, வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற உங்களுக்குத் தெரியும். நான் கல்லா. அடுப்பு, மாவு, குண்டான் எல்லாம் அவள். கும்மிடிப்பூண்டி மில்லுக்குப் போகிறவர்கள் அவள் கை இட்லியைத் தின்றுவிட்டுத்தான் ரயிலேறுவார்கள். அந்தக் கைதான் போன வருஷம் மக்கர் பண்ணியது. தோளுக்கு மேல் ஏறவில்லை. தலை பின்னக்கூட முடியவில்லை.

ஸ்கேன் எடுத்தோம். தோள்பட்டைக்குள் ‘ரொட்டேட்டர் கஃப்’ என்று ஒரு தசைநார்ப் பட்டை இருக்கிறதாம். அது பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறதாம்.

“இன்னாக்கா, ரொட்டேட்டரா? எங்க மில்லு மோட்டார்லகூட அப்படி ஏதோ ஒண்ணு கீது. கொண்டாந்து மாட்டிடட்டுமா?” என்றான் தினமும் வருகிற வெல்டர் குமார்.

“மாட்டுடா. அப்பறம் உன் பல்ல நான் கழட்டி மாட்டிக்கிறேன்” என்றாள் சரோஜா. வலியிலும் வாய் மட்டும் குறையவில்லை!

மருந்து, ஊசி, பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. ஆபரேஷன்தான் வழி என்றார்கள். சரி... எந்த ஆபரேஷன்? அங்கேதான் சிக்கல்.

திருவள்ளூர் டாக்டர் சொன்னார்: “மிச்ச நாரு இன்னும் எலும்புல ஒட்டிக்கிட்டுதான்மா இருக்கு. அதை எதுக்கு வெட்டணும்? அப்படியே விட்டு, அது வழியாவே நூலைக் கொடுத்துத் தைச்சிடலாம். ஆரம்பத்துல வலி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும். கை இறுகிக்கும். போகப் போக சரியாயிடும்.”

சென்னை டாக்டர் சொன்னது நேர் எதிர். “மிச்சத்தையும் வெட்டிடலாம். முழுக் கிழிசலாக்கி, சுத்தம் பண்ணி, எலும்புல சின்ன ஆணி போட்டுப் புதுசாக் கட்டிடலாம். ஆனா அதுக்கப்புறம் முழு பாரமும் அந்தத் தையல் மேலதான்.”

எது நல்லது? இரண்டு பேருமே அடித்துப் பேசவில்லை. இரண்டு வழியிலும் ஜனங்கள் குணமாகிறார்கள் என்றுதான் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடத்தில் எட்டாவதைத் தாண்டாதவன். டாக்டர்களுக்கே இரண்டு வழி இருந்தால் நான் எதைக் கண்டேன்?

சென்னையிலிருந்து கிளம்பும்போது சரோஜா டாக்டரை ஏதோ கேட்டாள். நான் அரைக் காதில்தான் வாங்கினேன். என் மனசு ஏற்கெனவே முருகன் சந்நிதிக்குப் போய்விட்டிருந்தது.

எங்கள் வீட்டில் பெரிய விஷயம் எதுவானாலும் பூ கட்டிப் பார்ப்போம். கடை போட்டபோதும் அப்படித்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் வெட்டாமல் தைப்பது. சிவப்பு வந்தால் வெட்டித் தைப்பது. மனுஷனால் முடியாததை முருகன் தீர்த்து வைப்பான்.

எது எதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியக் கூடாதல்லவா? அதனால் கட்டுகிற வேலையைச் சரோஜாவிடமே கொடுத்தேன். இடது கையாலும் பல்லாலும் நூலை இழுத்துக் கட்டினாள், பாவம். கடையில் சட்னிப் பொட்டலம் கட்டுகிற அதே நூல்.

கிருத்திகை அன்று கோயிலுக்குப் போனோம். பூசாரி இரண்டையும் வேலுக்கு முன்னால் வைத்துத் தீபாராதனை காட்டினார். கண்ணை மூடி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். அவள் கை ஏறுமா, ஏறாதா... எல்லாம் அந்த வாழையிலைத் துண்டுக்குள்.

பிரித்தேன். வெள்ளை நந்தியாவட்டை ஒன்று. அதன் மேலேயே சிவப்பு அரளி ஒன்று!

“இன்னாபா இது, ரெண்டும் கீது?” என்றார் பூசாரி. இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததில்லையாம். “இன்னொண்ணையும் பிரி.”

பிரித்தேன். அதிலும் வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று.

திரும்பிப் பார்த்தேன். சரோஜா கண்ணை இறுக்க மூடி, இடது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பக்தி!

“இதுக்கு இன்னாம்மா அர்த்தம்?” என்று பூசாரி அவளையே கேட்டார்.

“ரெண்டுக்கும் உத்தரவு குடுத்துட்டாரு சாமி. உள்ள பாத்துட்டு, எது சரியோ அதப் பண்ணச் சொல்றாரு.”

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். “ஏண்டி, சாமிகிட்டயே உன் வேலையக் காட்டிக்கினு வந்துட்டியா?”

“கோச்சுக்காதீங்க. மெட்ராஸ் டாக்டரை நான் இன்னா கேட்டேன்னு காதுல வுழுந்துச்சா? மிச்சம் இருக்கிற நாரு நல்லா கீதா, நைஞ்சு போயிருக்கான்னு கேட்டேன். உள்ள கேமரா வுட்டுப் பாத்தாதான்மா நிச்சயமா தெரியும்னாரு. பாத்தாதான் தெரியும்னா, பாக்கறதுக்கு முன்னாடி நாம எதுக்கு வெட்டு, வெட்டாதன்னு சொல்லணும்? தோளு என்னுதுங்க...”

மறுநாளே கடைக்குப் பூட்டுப் போட்டேன்.

அந்தச் சென்னை டாக்டரிடமே போனோம். “ரெண்டுக்கும் தயாரா உள்ள போங்க சார். நாரு நல்லா இருந்தா வுட்டுடுங்க. நைஞ்சிருந்தா வெட்டிடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்றாள். டாக்டர் சிரித்தார். “அப்படியே செய்யலாம்மா.”

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தவர் என்னிடம் சொன்னார்: “மிச்ச நாரு நான் நினைச்சதைவிட நல்லா இருந்ததுங்க. வெட்டல. அப்படியே வச்சுத் தைச்சிட்டேன்.” தான் முதலில் சொன்னதை மாற்றிக்கொள்ள அவருக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை. அவர் போன திசையைப் பார்த்து மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அதற்கப்புறம் கையைத் தொட்டிலில் போட்ட மாதிரி மாதக் கணக்கு. திருவள்ளூர் டாக்டர் எச்சரித்தபடியே வலி, இறுக்கம். கடையில் நான் சுட்ட இட்லியைத் தின்று மில்லுக்காரர்கள் பட்ட பேஜாரு தனிக் கதை. சுவரில் விரலால் ஏறி ஏறிப் பழகினாள். அழுதுகொண்டே பழகினாள்... ஒரு நாளும் விடவில்லை.

போன வெள்ளிக்கிழமை குண்டான் பலகையில் ஏறியது. சாப்பிட்டுக்கொண்டிருந்த குமார் இலையை விட்டு எழுந்து, “யக்கா... ரொட்டேட்டர் ஓடுது!” என்று கத்தினான். கடையே கை தட்டியது. நான் கல்லாவைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். கண் கலங்கினதை நாலு பேர் பார்க்க வேண்டுமா என்ன?

கூட்டம் குறைந்ததும் மெதுவாகக் கேட்டேன். “இருந்தாலும் சரோஜா, நான் முருகனைத்தானே கேட்டேன்? நீ ஏன் நடுவுல பூந்த?”

குண்டானைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்:

“நீங்க முருகனைத்தான் கேட்டீங்க. அவரு வள்ளியைக் கேட்டிருப்பாரு!”