குரோட்டன்ஸுக்குப் போன மழைத் தண்ணீர்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால்தான் என் கோபம் நியாயமானதா என்று எனக்கே தெரியும். அதனால் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன்.

துறைமுகத்தில் உப்பு வேகன்களை இழுத்து ஓய்ந்த ஒரு சிறிய நீராவி இஞ்சினைச் சரிசெய்து, உப்பளங்களுக்கு நடுவே போகும் பழைய தண்டவாளத்தில் விடுமுறை நாட்களில் ஜனங்களை ஏற்றிச் செல்வது என்று எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் இறங்கினோம். நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். அதனால் பாய்லருக்குள் போகும் தண்ணீர் என் பொறுப்பு. உள்ளே இற்றுப்போன குழாய்களையெல்லாம் கழற்றிப் புதிதாகப் போட்டவர், ஓய்வுபெற்ற ஃபிட்டர் அண்ணாச்சி.

எங்கள் ஊர் வீடுகளில் தண்ணீர் இரண்டு வகை. நல்ல தண்ணி குடிக்க, சமைக்க. உப்புத் தண்ணி மற்ற எல்லாவற்றுக்கும். நல்ல தண்ணியை இஞ்சினுக்குக் கேட்க எனக்கு மனம் வராது. ஷெட் கூரையில் விழும் மழையைப் பிடிக்க ஒரு தொட்டி கட்டச் சொன்னேன். ஐப்பசி மழையில் நிரம்பியது. மாசியில் விழா வைத்து நடத்தும் முதல் ஓட்டத்துக்கென்று மூடி வைத்தோம்.

விழாவுக்கு முந்தின நாள் பள்ளி விட்டதும் போனேன். பாய்லரை நிரப்பியாகிவிட்டது என்றார்கள். பாய்லர் பக்கவாட்டில் தண்ணீர் பார்க்கும் சிறு குழாயைத் திறந்து, கையில் பிடித்து, நாக்கில் வைத்தேன். கரித்தது.

“மழைத் தண்ணி என்ன ஆச்சு?” என்று விழாப் பொறுப்பாளரைக் கேட்டேன்.

“அதுவா டீச்சர், செடிக்கு ஊத்தியாச்சு.”

பந்தல் வாசலில் வாடகைக்கு வந்த குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக நின்றன. இலைகளில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“உப்புத் தண்ணி ஊத்துனா செடி கருகிரும்லா? இஞ்சின் இரும்புதான, அதுக்கு என்ன? லாரியில போர் தண்ணி கொண்டாந்து ரொப்பியாச்சு.”

“உங்க வீட்டு வாளியில வெள்ளையா படியுதுல்லா, அது இந்தக் குழாய்லயும் படியும். கொதிக்கையில நுரைச்சு, ஆவியோட தண்ணியும் சிலிண்டருக்குள்ள போவும். சிலிண்டர் உடைஞ்சாலும் உடையும். பின்னால பெட்டியில பிள்ளைங்க இருப்பாங்க சார்.”

“ஒரு நாள் ஓட்டம்தான டீச்சர்!”

“செடிக்கும் ஒரு நாள்தான?”

அவர் சிரித்தார். “சரி, நல்ல தண்ணி லாரிய வரச் சொல்லுவோம்னே வைங்க. ஊருல என்ன சொல்லுவாங்க? குடிக்கத் தண்ணி இல்ல, கரி வண்டிக்குக் கேக்கானுவன்னு ஏச மாட்டாங்களா?”

ஏசுவார்கள். ஏசத்தான் வேண்டும். அந்த ஏச்சு வரக்கூடாது என்றுதானே தொட்டி கட்டினோம்! இந்த ஊரில் பிறந்தவருக்கு உப்புத் தண்ணி என்ன செய்யும் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. செடியைக் காப்பாற்றும் அளவுக்குத் தெரிந்திருந்தது.

சாப்பிடப் போயிருந்த அண்ணாச்சி அப்போதுதான் வந்தார். நான் சொன்னதைக் கேட்டு அவரும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். பொறுப்பாளரைப் பார்த்தார்.

“நாளைக்கு நான் தீ போட மாட்டேன் சார்.”

“என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதீங்க? வண்டிய யாரு இழுக்க?”

“அந்தக் குரோட்டன்ஸ விட்டு இழுக்கச் சொல்லுங்க.”

குனிந்து பாய்லரின் வடிகுழாயைத் திறந்துவிட்டார். தண்டவாளத்துக்கு அடியில் தண்ணீர் ஓடியது. நான் நின்று பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் எங்கள் இஞ்சின் மாலையோடு ஓரமாக நின்றது. துறைமுகத்தில் கேட்டு வாங்கிய டீசல் இஞ்சின் ஒன்று பெட்டிகளை இழுத்துப் போனது. புகை வேண்டும் என்று யாரோ எங்கள் இஞ்சினின் புகைபோக்கிக்குள் தேங்காய் நாரைக் கொளுத்திப் போட்டார்கள். அதையும் கைதட்டிப் படம் எடுத்தார்கள். “தொழில்நுட்பக் காரணங்களால்” நீராவி ஓட்டம் தள்ளிவைக்கப்படுகிறது என்று பொறுப்பாளர் மைக்கில் சொன்னார். அந்தக் காரணங்கள் அவர் காலடியில் தொட்டி தொட்டியாக இருந்தன.

விளாத்திகுளத்திலிருந்து பிள்ளைகளோடு வந்த ஒரு பெண் என்னிடம் கேட்டாள்.

“இது ஓடாதாக்கா?”

“ஓடும்மா. இனி ஐப்பசி மழை பெய்யணும்.”

“அதுக்கும் மழைக்கும் என்னக்கா?” என்றாள். சொன்னேன். பந்தல் வாசலைத் திரும்பிப் பார்த்து, “அடப் பாவிகளா” என்றாள். எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

மறுநாள் மழைத் தொட்டியின் குழாய்க்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். ஒரு சாவி என்னிடம், ஒன்று அண்ணாச்சியிடம். தொட்டிக்குள் ஒன்றும் இல்லை, ஆனாலும் பூட்டினேன். வெளியே வேனில் செடிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு இலைகூடக் கருகவில்லை.