ஓலை கொண்டுவந்த மாமன்

இன்று ஆம்பூர் ரயிலடியில் ஆவாரம்பட்டை மூட்டைகளின் வாசம் அடித்ததும், விடுதியில் என்னோடு வளர்ந்த ரூத்தைத் தேடிப் போனால் என்ன என்று தோன்றிவிட்டது. அந்தப் பட்டையில் தோல் பதனிடும் ஷாப்பை ஒட்டியிருந்த எங்கள் அநாதை விடுதி இப்போது இல்லை. நான் பெரியவளானபோது அங்கே பட்டைக் கொட்டகையில்தான் தனியாக உட்காரவைத்தார்கள். தீட்டுக் குடிசைக்குத் தென்னோலை கொண்டுவர வேண்டியவன் தாய்மாமன்; எனக்கோ யாருமில்லை. சுவருக்கு அப்பால் தோல் அலசும் சத்தத்தைக் கேட்டபடி, யாராவது வருவார்களா என்று இரண்டு நாள் கதவையே பார்த்திருந்தேன். மூன்றாம் நாள் ரூத் கரியால் மீசை வரைந்துகொண்டு, ஒற்றை ஓலையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாடி முறைக்கிற? மாமன் வந்துக்கிறேன், எழுந்து கும்பிடு."

"மாமன் பாவாடையா கட்டும்?"

"வேட்டி வெளுக்கப் போயிக்குது."

எனக்கு ஒரு வருடம் முன்பு அவளும் அதே கொட்டகையில் உட்கார்ந்தவள். அப்போது வெளியே நான் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். அவளுக்கு யார் ஓலை கொண்டுவந்தார்கள் என்று இதுவரை கேட்டதில்லை. மேல்விஷாரத்தில் இருக்கிறாளாம். சனிக்கிழமை போய்க் கேட்கப்போகிறேன்.