முதல் டிக்கெட்

சென்ற வாரம் கைபேசிக்கு உறை வாங்க ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் அப்போதுதான் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் ஸ்கேன் செய்து பணம் அனுப்பியதும் மேசை மேலிருந்த பெட்டி பெண்குரலில் தொகையை அறிவித்தது. அவர் அந்தப் பெட்டியைத் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். காலத்துக்கு ஏற்ற பக்திதான். ஆனால் எனக்குச் சட்டென்று என் பழைய தொழில் நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு கோடை விடுமுறை முழுக்க நான் போணி செய்து பிழைத்தவள். அந்தத் தொழிலில் எனக்கு இருந்த புகழ், பிற்பாடு எழுதிச் சம்பாதித்த புகழைவிட அதிகம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் அரூரில் இருந்தோம். அப்பாவின் அக்கா, என் அத்தை, சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு சிற்றூரில் இருந்தார். மாமா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்குத் துணைக்குப் படுக்க யாராவது வேண்டும் என்று குடும்பம் கூடிப் பேசி, கடைசியில் என்னைத் தேர்ந்தெடுத்தது. கொல்லைப்புறத்துக்குப் போகக்கூட ஆள் துணை தேடுகிற என்னை இன்னொருவருக்குத் துணையாக அனுப்பியதில் யாருக்கும் எந்த முரணும் தெரியவில்லை.

ஏற்பாடு தற்காலிகம்தான். விடுமுறை முடிகிறபோது அப்பா வந்து என்னையும் அத்தையையும் சேர்த்தே அழைத்துக்கொண்டு போவதாக இருந்தது. எங்கள் வீட்டுச் சமையலறையை ஒட்டிய அறையில் அத்தைக்காக ஒரு கட்டில் வாங்கிப் போட்டாகிவிட்டது. அத்தையின் வீட்டுக்கு வாடகைக்கு ஆள்கூட அப்பா பேசி வைத்திருந்தார். எல்லாம் அத்தையின் நன்மைக்காக. அத்தையிடம் கேட்பது ஒன்றுதான் பாக்கி.

நான் போய் இறங்கியபோது அத்தை அழுதுகொண்டிருப்பார் என்று எதிர்பார்த்தேன். அம்மா அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார். அழுதால் கண்ணைத் துடைத்துவிட வேண்டும் என்று எனக்கு உத்தரவு. அத்தையோ தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு டார்ச் லைட்டின் பின்பக்கத்தைப் பல்லால் கடித்துத் திருகிக்கொண்டிருந்தார். வாயிலிருந்து எடுக்காமலே தலையசைத்து என்னை உள்ளே வரச் சொன்னார்.

இந்தப் பழக்கம் மாமாவின் ரேடியோவில் ஆரம்பித்தது. அவர் இருந்தவரை அதன் குமிழை வேறு யாரும் தொட்டதில்லை. அவர் போன கொஞ்ச நாளில் ரேடியோவும் வாயை மூடிக்கொண்டது. அவரோடேயே போய்விட்டது என்று உறவுக்காரர்கள் உருகினார்கள். அத்தைக்கு அதில் நம்பிக்கை இல்லை. கத்தி முனையால் திறந்து பார்த்தார். உள்ளே எறும்புகள் குடியிருந்தன. ஒழுகிப்போன பேட்டரி ஒரு கம்பியைத் தின்றிருந்தது. எறும்புகளை ஊதிவிட்டு, கம்பியைச் சுரண்டி முறுக்கியதும் ரேடியோ பேசியது. ஆனால் கன்னடத்தில் பேசியது. முள் நகர்ந்து பெங்களூர்ப் பக்கம் போயிருந்தது. விஷயம் கேள்விப்பட்ட அப்பா, மச்சான் இருந்தவரை அது தமிழ்தான் பேசியது என்று குறைபட்டுக்கொண்டாராம்.

அதற்குப் பிறகு அத்தைக்குக் கண்ணில் படுகிற எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. அரூர் ரேடியோ கடையில் பேட்டரி வாங்கும் சாக்கில் மணிக்கணக்காக உட்கார்ந்து, ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டார். அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருக்க வேண்டிய குழியில் திருகாணிகள் இருந்தன. நான் அங்கே தங்கிய நாட்களில் ஒருமுறை ரசத்தில்கூட ஒன்று வந்தது. அத்தை பழுது பார்த்த சாமான்களுக்கு ஓர் அடையாளம் உண்டு: பூட்டிய பிறகு எப்போதும் ஒரு திருகாணி மிஞ்சும். சாமான் ஓடும். மிஞ்சியதைப் பார்த்து, இது எதற்கு வைத்தான் என்று செய்தவனைத்தான் சந்தேகப்படுவார்.

மலை ஊர்களில் டார்ச்சும் ரேடியோவும் நிறைய. ரிப்பேர் கடை கிடையாது. அத்தையின் ஊரில் இரவு தங்கும் ஒரு தனியார் பேருந்து, விடிகாலையில் முதலில் சித்தேரிக்கு ஏறி, அரை மணி நேரம் நின்று, திரும்பி இறங்கி அரூர் போகும். அத்தை அதில் ஏறிப்போய், சரியானதைக் கொடுத்து, கெட்டதை வாங்கிக்கொண்டு, அதே வண்டியில் திரும்பிவிடுவார். பதிலுக்குச் சாமையோ தினையோ கொஞ்சம் தேனோ மடியில் கொட்டுவார்கள். நாற்பது வருடம் கொல்லைப்புறத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்த மலை அது. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று மாமா கேட்டபோதெல்லாம் அத்தையிடம் பதில் இருந்ததில்லை. இப்போது பை நிறைய பதில் இருந்தது.

முதல் நாள் காலையில் என்னையும் எழுப்பி அழைத்துப் போனார். பேருந்துக்கு வேறு யாரும் வந்திருக்கவில்லை. டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் படியில் நின்று, எங்களுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார்.

“பெரிம்மா, செத்த நில்லுங்க. யாராச்சும் வரட்டும்.”

அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். “கொழந்த வந்திருக்குதுங்களே. அது கையில பண்ணிக்கங்க போணிய.”

கண்டக்டர் முகம் மலர்ந்துவிட்டது. வலது காலை வைத்து ஏறச் சொன்னார். அத்தை என் உள்ளங்கையில் வைத்திருந்த சில்லறையை நான் நீட்ட, அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றி, பையைத் தொட்டு, முதல் டிக்கெட்டைக் கிழித்து எனக்குக் கொடுத்தார். அத்தை எனக்குப் பின்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

புருஷனை இழந்தவள் கையில் முதல் டிக்கெட் கிழித்தால் அன்றைக்கு வசூல் படுத்துவிடும் என்பது அந்தக் கண்டக்டரின் நம்பிக்கை. அவருடைய நம்பிக்கை மட்டுமல்ல, அந்தத் தடம் முழுவதற்கும் பொதுவானது. வேறு ஆள் வருகிற நாளில் அத்தை அவர்களுக்குப் பின்னால் ஏறிக்கொள்வார். யாரும் வராத நாளில் வண்டி அத்தையை நிறுத்தத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடும். மலைக்கு வேறு பேருந்து பிற்பகலில்தான். இதெல்லாம் நான் பிற்பாடு அறிந்துகொண்டது. அப்போது நான் அறிந்தது, அன்று வண்டி நிறையக் கூட்டம் ஏறியது என்பதும், திரும்பும்போது கண்டக்டர் என் கன்னத்தைத் தட்டி ராசியான கை என்று சொன்னார் என்பதும் மட்டும்தான்.

இது போதாதா எனக்கு. அடுத்த சில நாட்களில் டீக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு முதல் பன்னை என் கையில் விற்றார். பூக்காரப் பெண் முதல் முழத்தை எனக்கு அளந்தாள். நான் கையைக் கழுவுவதில்கூடத் தயங்க ஆரம்பித்தேன். ராசி கரைந்துவிடக்கூடும். சித்தேரியில் பேருந்தைச் சுற்றி நின்றவர்கள் அத்தையிடம் ரேடியோக்களைக் கொடுக்க வந்தவர்கள் என்பது தெரிந்திருந்தும், அவர்களில் பாதிப் பேராவது என்னைப் பார்க்க வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அரூர் தாலுக்காவின் வியாபாரம் என் உள்ளங்கையில் நடக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. (அந்தக் கையின் பிற்காலச் சரித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரியவளானபின் நான் திறந்துவைத்த சித்தி மகனின் ஜெராக்ஸ் கடை தீபாவளியைப் பார்க்கவில்லை. என் கட்டுரைகளை வெளியிட்ட பத்திரிகைகளில் இன்று ஒன்றுகூட இல்லை.)

அந்த விடுமுறையின் நடுவில் பேருந்தின் டேப் ரிக்கார்டர் நின்றுபோனது. டிரைவர் பாட்டில்லாமல் மலையேறுகிற ஆள் இல்லை. வளைவுகளில் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து அவர் தலையும் தாளம் போடும். அத்தை அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு ரப்பர் வளையத்தை மாற்றி மறுநாள் பொருத்தினார். வழக்கம்போல ஒரு திருகாணி மிஞ்சியது. டேப் பாடியது, ஆனால் கொஞ்சம் வேகமாக. சோகப் பாட்டுப் பாடுகிறவர்கள்கூட எங்கேயோ பஸ் பிடிக்கப் போகிற அவசரத்தில் பாடினார்கள். டிரைவருக்கு அதுவே பிடித்துவிட்டது.

விடுமுறை முடிகிற வெள்ளிக்கிழமை மாலை அப்பா அதே பேருந்தில் வந்து இறங்கினார். வீட்டுக்குள் நுழைந்தவர் உட்கார இடம் தேடி, ஒரு ரேடியோவின் குடலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். கட்டில் வாங்கியது, வாடகைக்கு ஆள் பேசியது எல்லாவற்றையும் சொன்னார். வீட்டில் அத்தைக்கு எந்த வேலையும் இருக்காது, அம்மாவுக்குக் கூடமாட இருந்தால் போதும் என்றார். அத்தை சாப்பாடு போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அப்பா தன் உண்மையான மனக்குறைக்கு வந்தார்.

“ஆபீஸ்ல கேக்கறாங்கக்கா. உங்க அக்கா மலை மேல ரிப்பேர் கடை போட்டுட்டாங்களான்னு.”

“இல்லாட்டி என்ன கேப்பாங்க தம்பி?”

அப்பா யோசித்துவிட்டு, பாவம் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பார்கள் என்றார்.

“அதுக்கு இது தேவல,” என்று அத்தை இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

அப்பா அதைச் சம்மதமாகவும் எடுத்துக்கொள்ளவில்லை, மறுப்பாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் புறப்படுவது என்று முடிவாயிற்று. மலைக்குப் போய்விட்டு இறங்குகிற வண்டிதான் அரூர் போகும் என்பதால் மூவரும் அதிலேயே ஏறிச் சுற்றிக்கொண்டு போகலாம் என்றார் அத்தை. அப்பாவின் பையும் என் பையும் கட்டியாயிற்று. அத்தையும் ஒரு பை கட்டினார். அப்பா அதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினார். அதற்குள் ரேடியோக்கள்தான் இருந்தன என்பது எனக்குத் தெரியும். யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

காலையில் வேறு பயணிகள் இல்லை. கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி கையை நீட்டினார். நான் தொழில் நேர்த்தியோடு வலது காலைப் படியில் வைத்தேன். அப்போது அத்தையின் கை என் மணிக்கட்டைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கியது. எனக்கு முன்னால் அவர் ஏறினார். சில்லறையைத் தன் கையில் வைத்து நீட்டினார்.

“சித்தேரி ஒண்ணுங்க.”

கண்டக்டரின் கை பாதியில் நின்றது. அவர் அத்தையைத் தாண்டி என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்கு விஷயம் புரிந்து முகம் சிவந்துவிட்டது. அவசரமாகச் சட்டைப் பையில் கையை விட்டு ஒரு நோட்டை எடுத்தார்.

“தம்பி, நீ ரெண்டாவது டிக்கெட்டு,” என்றார் அத்தை திரும்பாமலே.

கண்டக்டர் தாழ்ந்த குரலில், முதலாளிக்குத் தான்தான் பதில் சொல்ல வேண்டும், பெரியம்மா தவறாக நினைக்கக் கூடாது, குழந்தை கையில் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்றெல்லாம் சொன்னார். நல்ல மனிதர்தான். சொல்லும்போது அவருக்கே வேர்த்தது. அத்தை பொறுமையாகக் கேட்டார்.

“நீட்டிட்டேங்க. மடக்க மாட்டேன்.”

டேப்பில் ஒருவர் தன் காதலியின் பிரிவை அவசர அவசரமாகப் பாடிக்கொண்டிருந்தார். டிரைவர் ஒலியைக் குறைத்தார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

“வாங்குப்பா. மலை ஏற வேணாமா?”

கண்டக்டர் வாங்கினார். கண்ணில் ஒற்றவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்து வெளியே பார்த்தார். நான் மூன்றாவது டிக்கெட். வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சரிவை அதற்குமுன் நான் சந்தித்ததில்லை.

மூன்றாவது வளைவில் பின் டயர் பஞ்சரானது.

எல்லாரும் இறங்கினோம். வழியில் ஏறியிருந்தவர்களுக்கும் அதற்குள் விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. எல்லாக் கண்களும் அத்தை மேல் இருந்தன. கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை விடைத்த அவர் மூக்கே சொன்னது. அப்பா ஒரு பாறைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அத்தையோ புடவையைச் செருகிக்கொண்டு டயருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஜாக்கி எப்படி அவ்வளவு பெரிய வண்டியைத் தூக்குகிறது என்று டிரைவரிடம் கேட்டார். டிரைவர் விளக்கினார். நட்டுகளை ஒவ்வொன்றாக அத்தையின் முந்தானையில் போட்டார். எதிலும் மிச்சம் இல்லாமல் எல்லாம் திரும்பப் பொருந்தியதில் அத்தைக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுதான் எனக்குப் பட்டது.

வண்டி வெகு தாமதமாகச் சித்தேரிக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று மலைக்குக் கீழே ஒரு கல்யாணம். வண்டி வழக்கமான நேரத்துக்குப் புறப்பட்டிருந்தால் தவறவிட்டிருக்கக்கூடிய ஒரு கூட்டம், சீர்வரிசைத் தட்டுகளோடு மூச்சிரைக்க வந்து ஏறிக்கொண்டது. படியில்கூட இடமில்லை. கண்டக்டரின் பை புடைத்துவிட்டது. பஞ்சரை எந்தக் கணக்கில் எழுதுவது, புடைத்த பையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் மனிதர் அரூர் வரைக்கும் பையைத் தடவிக்கொண்டே வந்தார்.

சித்தேரியில் அத்தையைச் சுற்றி நின்றவர்களை அப்பா பார்த்துவிட்டிருந்தார். ஒரு கிழவர் பேசத் தொடங்கிய ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு, தம்பிதானே நீங்கள், அக்காவை எங்கேயும் அழைத்துப்போய்விடாதீர்கள் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியெல்லாம் பழுதான சாமான்கள் நிறைந்த பையை மடியில் வைத்திருந்தது அப்பாதான்.

அரூரில் நானும் அப்பாவும் இறங்கினோம். எங்களை வழியனுப்ப அதுவரை வந்த அத்தை இறங்கவில்லை. வண்டி மறுபடி அவர் ஊர் வழியாகத்தான் போகும். அப்பா ஜன்னலுக்குக் கீழே நின்று, பையை உள்ளே நீட்டினார். வேறு எதையோ சொல்ல வாயெடுத்தார்.

“அந்தக் கட்டிலக் கழட்டி வெச்சிரு தம்பி. எடத்த அடைக்கும்,” என்றார் அத்தை.

எனக்கு மனத்தில் வேறு கவலை. ஏன் என் கையைக் கீழே இறக்கினீர்கள், நான் கொடுத்திருந்தால் டயர் போயிருக்காதே என்று எட்டிக் கேட்டேன். அத்தை ஜன்னல் கம்பி வழியாக என் விரல்களைத் தொட்டார்.

“உனக்குத் திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்கறாங்க இல்ல கண்ணு.”

அது போதுமான காரணமாகவே எனக்குத் தோன்றியது. பள்ளிக்கூடம் திறந்த பிறகு பிள்ளைகள் போணி செய்யக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது போலும், அதைப் பெரியவர்கள் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை காலை டவுன் பஸ்ஸில் அப்பா வழக்கம்போலச் சில்லறையை என் கையில் கொடுத்தார். நான் வாங்கவில்லை. அவரையே டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டு, கையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.