இரு வீடுகளில் இருந்த கணிப்பொறி

வெள்ளி நிறப் பையின் வாயைப் பிரித்தவுடன் மூக்கில் ஏறிய அந்த வாசனையை எதனோடு ஒப்பிடுவது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. சூடேறிய பிளாஸ்டிக்கும் ஈயப்பற்றும் கலந்த, கசப்பினூடே சற்று இனிப்பும் தோய்ந்த வாசனை அது. தையல் எந்திர எண்ணெயும் பின்னல் துணியின் பஞ்சும் எப்போதும் மணக்கும் எங்கள் தகரக் கொட்டகையில், சாண் நீளம்கூட இல்லாத நினைவகப் பலகையை, எங்கள் பேச்சில் "ரேம்", செல்வினும் நானும் மாறி மாறி முகர்ந்து பார்த்தோம். "தின்னுராதல, ஒண்ணுதான் இருக்கு" என்றான் அவன்.

அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைகளின் தட்டோசை கேட்கும் தொலைவில் எங்கள் வீடு. அதன் பின்புறக் கொட்டகையில் ஆறு தையல் எந்திரங்களை வைத்து அப்பா, பெரிய நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் "ஜாப் ஒர்க்" எடுத்துச் செய்துவந்தார். செல்வினின் அப்பா அங்கே தையற்காரர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, இரண்டு தெரு தள்ளி, வரிசையாகக் கட்டிய ஒற்றையறை "லைன் வீடுகள்" ஒன்றில் குடியிருந்தார். செல்வினும் நானும் ஒரே வகுப்பு. புதிய நூற்றாண்டின் முதற்பத்தாண்டு முடியவிருந்த காலம் அது.

கடைத்தெருவின் இணைய மையத்தில் ஒரு கார்ப்பந்தய விளையாட்டு இருந்தது. திரை குறுக்கே இரண்டாகப் பிரிந்து, மேற்பாதியில் ஒருவன் காரும் கீழ்ப்பாதியில் மற்றவன் காரும் ஓடும். நாங்கள் வாங்கிய அரைமணி நேரம் எப்போதும் கடைசிச் சுற்றுக்கு முன்னரே தீர்ந்துவிடும். வென்றவன் யார் என்பது தெரியாமலேயே எழுந்து வருவோம். அந்தக் கடைசிச் சுற்றை ஓடி முடிப்பதற்காகத்தான், எங்களுக்கென்று ஒரு கணிப்பொறி வேண்டுமென்று முடிவெடுத்தோம்.

முழுப்பொறியாக வாங்கும் வசதி இரு வீட்டிலும் இல்லை. ஆகவே உதிரி உதிரியாக வாங்கிப் பொருத்துவதென்று, கிழிந்த அட்டைப்பெட்டியின் உட்புறத்தில் பட்டியலிட்டோம். விடுமுறை நாள்களில் கொட்டகைத் தரையில் அமர்ந்து "பிசிறு" வெட்டினோம். தையலோரத்தில் தொங்கும் நூல் நுனிகளைக் கத்தரிக்கும் அவ்வேலைக்கு, சனிக்கிழமைதோறும் மற்றவர்களோடு எங்களுக்கும் அப்பா சம்பளம் கொடுத்தார். பட்டியலோ வாரந்தோறும் அடித்துத் திருத்தப்பட்டது. பளபளக்கும் பெட்டி வேண்டுமென்பது என் ஆசை, செல்வின் ஒப்பவில்லை. "பொட்டியவால வெளையாடப் போற? கார்டு நல்லா இருக்கணும்" என்று, பெட்டியைப் பழையதாகவும், திரையை முதுகு புடைத்த பழைய கண்ணாடித் திரையாகவும் இறக்கி, மிஞ்சியதையெல்லாம் வரைகலை அட்டைக்கு ஒதுக்கினான். "உன்ற கார்ட அம்மணமாவே உக்கார வெச்சுக்க, போ" என்று இரண்டு நாள் நான் அவனோடு பேசவில்லை.

வாங்கியவற்றை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு ஊர் வழக்கமே விடையாயிற்று. எங்கள் ஊரில் ஒரு பனியன் முழுவதும் ஒரே கூரையின்கீழ் உருவாவதில்லை. ஓரிடத்தில் பின்னி, ஓரிடத்தில் சாயமேற்றி, வேறோரிடத்தில் வெட்டி, எங்கள் கொட்டகை போன்ற ஒன்றில் தைப்பார்கள். கைமாறும் ஒவ்வொரு மூட்டையோடும் "சலான்" என்னும் சீட்டு போகும். கொடுத்தவரும் பெற்றவரும் அதில் ஒப்பமிட வேண்டும். "சலான் இல்லாம ஒரு பண்டலும் ஊட்டு வாசலத் தாண்டக் கூடாது கண்ணு" என்பது அப்பா நாள்தோறும் சொல்லும் வாக்கு. அவ்வழக்கப்படியே, இடத்தை அடைக்கும் பெட்டியும் திரையும் எங்கள் வீட்டில் தங்கின. பஞ்சு படக்கூடாத சிறு பொருள்கள் செல்வின் வீட்டு டிரங்குப் பெட்டிக்குப் போயின. அப்பாவின் பழைய சலான் புத்தகத்தில் நான் எழுத, அவன் பெரிய மனிதனைப்போல் கையெழுத்திட்டான். "மொதலாளி, சரக்கு கொறஞ்சா கூலியில புடிப்பீகளோ?" என்று கேலி செய்தான். இருவரும் சிரித்தோம். யார் யாருடைய மகன் என்பது அந்தச் சிரிப்பில் எனக்கு உறைக்கவேயில்லை.

ஓராண்டில், பொறிக்கு மின்சாரம் ஊட்டும் மின்வழங்கி ஒன்று நீங்கலாக, எல்லாம் சேர்ந்துவிட்டன. அந்நேரத்தில்தான் வெளிநாட்டு ஆர்டர்கள் வற்றின. மின்வெட்டு வேறு நாளின் பெரும்பகுதியைத் தின்றது. ஆறு எந்திரங்களில் நான்கின்மேல் துணி போர்த்தப்பட்டது. ஒரு சனிக்கிழமை அப்பா, செல்வினின் அப்பாவை அழைத்து, தரையைப் பார்த்தபடியே, "இனி நம்மளால ஆவாதுங்க. வேலை வந்தா மொத ஆளா உங்களத்தானுங்க கூப்புடுவேன்" என்றார். "நீங்க என்ன செய்வீங்க மொதலாளி" என்று அவர்தாம் அப்பாவைத் தேற்றினார். அவர்கள் சொந்த ஊருக்கே திரும்புகிறார்கள் என்ற செய்தி மறுநாள் காலையில் என் காதுக்கு வந்தது.

அப்போது என் நெஞ்சில் முதலில் செல்வினின் முகம் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியதோ அந்த டிரங்குப் பெட்டி. சலான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவன் அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். "வாய்யா, காப்பி குடிக்கியா? அடுப்ப இன்னும் கட்டல" என்றார். வேண்டாமென்று தலையசைத்து, வாசலில் நின்றபடியே செல்வினிடம், "சாமானெல்லாம் எங்கூட்லயே இருக்கட்டும். நீங்க ஊருக்குப் போயிட்டா அப்பறம் யாரப் போய்க் கேக்கறது?" என்றேன். என் கையிலிருந்த புத்தகத்தை அவன் பார்த்தான். அவன் அம்மாவும் பார்த்தார். பார்த்துவிட்டு, கட்டிமுடித்த சாக்கின் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

செல்வின் பெட்டியைத் திறந்தான். ஒவ்வொரு பொருளும் வெட்டுத்துணியில் சுற்றி முடிச்சிடப்பட்டிருந்தது. ஒன்றொன்றாக எடுத்துவைத்து, சலானின் வரிசைப்படி அவனே வாசித்தான்.

"சரியா இருக்கா?"

"இருக்குது."

"அப்ப வந்து சேந்துச்சுன்னு கையெழுத்துப் போடுங்க."

அத்தனை ஆண்டில் முதன்முறையாக, கேலியின்றி, அவன் என்னிடம் மரியாதை காட்டிப் பேசினான். போட்டேன். பிறகு அவன் பெட்டியின் அடியிலிருந்து "ஜாய்ஸ்டிக்" எனப்படும் விளையாட்டுக் கைப்பிடிகள் இரண்டை எடுத்து, மற்றவற்றோடு வைத்தான். "கிறிஸ்மஸ் சட்ட வேண்டாம்னு அதத்தான் வாங்கி ஒளிச்சு வச்சிருந்தான்யா" என்றார் அவன் அம்மா. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "இது சலான்ல இல்லியே" என்றேன்.

"இல்லதான். எடுத்துட்டுப் போங்க."

மாதம் இரண்டு சென்றபின், மின்வழங்கியும் வாங்கி, கடைக்காரர் துணையோடு கணிப்பொறியைப் பொருத்தினேன். முதல் முயற்சியிலேயே இயங்கிற்று. பழக்கத்தால் இருவர் ஆடும் பந்தயத்தையே தேர்ந்தெடுத்துவிட்டேன். திரை பிளந்தது. மேற்பாதியில் என் கார் புறப்பட்டது. கீழ்ப்பாதியில் மற்றொன்று தொடக்கக் கோட்டிலேயே நின்றது. கடைசிச் சுற்றையும் ஓடி முடித்தேன். நான் வென்றதாகத் திரை அறிவித்தது. அதன்பின் அவ்விளையாட்டை நான் திறக்கவில்லை.

இன்று அந்த இணைய மையம் இல்லை. லைன் வீடுகளை இடித்து, வடமாநிலத் தொழிலாளர் தங்கும் அடுக்குக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். கொட்டகையும் போயிற்று, கணிப்பொறி பழைய இரும்போடு எடைக்குப் போயிற்று. இவை போனதற்குக் காலத்தைக் குறை சொல்லலாம். செல்வின் போனதற்கு அப்படிச் சொல்ல இயலாது. ஊர் திரும்பிய பின்னும் அவன் அப்பா, கிறிஸ்துமசுக்கும் பொங்கலுக்கும் என் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்துவந்தார். "செல்வின் பேசறானாமா, இந்தா கண்ணு" என்று அப்பா கைப்பேசியை நீட்டுவார். படிக்கிறேன் என்றோ குளிக்கப் போகிறேன் என்றோ சொல்லி ஒவ்வொரு முறையும் நகர்ந்துவிடுவேன். அப்பா காலமானதோடு அவ்வழைப்புகள் நின்றன. எண்ணும் அவருடைய கைப்பேசியோடு தொலைந்தது. அப்பா கடைசியாகக் கைப்பேசியை நீட்டியபோது, மகரக்கட்டு உடைந்து ஆண்குரலாகிவிட்ட ஒரு குரல் மறுமுனையில், "அவன் இருக்கானா மொதலாளி?" என்று கேட்டது என் காதில் தெளிவாகவே விழுந்தது. இல்லையென்று சொல்லும்படி அப்பாவுக்குக் கைகாட்டினேன்.