எலுமிச்சைச் சாதம் என்று சொன்னேன்

வாசகரே, உங்களை ஒரு சாட்சியாக அழைக்கிறேன். மேடையில் பேசிப் பழகியவர்கள் எதிரில் இருப்பவரை நடுவராக்கத்தான் விரும்புவோம். நடுவர்களை வசப்படுத்தும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் அந்தப் பதவியை உங்களுக்குத் தரப்போவதில்லை. சாட்சிக்கு வேலை குறைவு. நடந்ததைப் பார்த்துக்கொண்டிருங்கள். நான் எங்கேனும் அழகுபடுத்தத் தொடங்கினால் அந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஓர் ஏப்ரல் காலை. பெங்களூரில் ஒரு மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் முதல் மாடியில், நேர்காணல் அறைக்கு வெளியே எட்டுப் பேர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். எட்டுப் பேரும் பொறியியல் கடைசி ஆண்டு. கதவில் ஒட்டியிருந்த பட்டியலில் நான் நான்காவது. எனக்கு அடுத்து ஐந்தாவதாக என் நண்பன். எங்கள் இருவர் பெயருக்கும் நடுவே, தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம் என்று எழுதியிருந்தது.

அவன் நகருக்கு வெளியே அத்திபெலேயிலிருந்து தினமும் இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்கு வருபவன். நான் நகருக்குள்ளேயே, பிரேசர் டவுன்காரன். நான்கு ஆண்டுகளாக ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, கடைசி ஆண்டில் ஒரே ப்ராஜெக்ட். எனக்கு வேறு இரண்டு நிறுவனங்களிலிருந்தும் நேர்காணல் அழைப்பு வந்திருந்தது. அவனுக்கு வந்தது இது ஒன்றுதான்.

எங்கள் ப்ராஜெக்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அத்திபெலேயில் பிளாஸ்டிக் மூடிகள் வார்க்கும் ஒரு சிறிய தொழிற்சாலை. பிளாஸ்டிக்கை உருக்கும் உருளையின் வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருக்க மின்சுற்று ஒன்று செய்து தருவது எங்கள் பொறுப்பு. செய்தோம். ஆனால் தினமும் பகல் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை வார்த்த மூடிகள் மட்டும் கருகிக் கோணலாக வந்தன. சுற்றை மூன்று முறை மாற்றினோம். பயனில்லை. அதன்பின் நான் மைசூரிலும் கோயம்புத்தூரிலும் நடந்த பேச்சுப் போட்டிகளுக்குப் போய்விட்டேன். அவன் மூன்று வாரம் அந்த இயந்திரத்தின் அருகிலேயே உட்கார்ந்திருந்தான். அங்கே வேலை செய்த பெண்களோடு சாப்பிடத் தொடங்கிய பிறகு விஷயம் விளங்கியது. அவர்கள் மதியச் சாப்பாட்டு டப்பாக்களைச் சூடேற்றுவதற்காக உருளையின் மேல் வரிசையாக வைத்துவிடுவார்கள். வெப்பத்தை அளக்கும் முனை சரியாக அந்த டப்பாக்களுக்குக் கீழே இருந்தது. குளிர்ந்த டப்பா பட்டதும் உருளை ஆறிவிட்டதாக நினைத்து எங்கள் சுற்று வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போனது. அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. முனைக்கு எட்டாத பக்கத்தில் ஒரு தகரத் தட்டை அடித்துப் பொருத்தினான். டப்பாக்கள் தட்டுக்கு மாறின. சாப்பாடும் சூடாயிற்று, மூடிகளும் நேராயின.

நேர்காணலுக்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டில் நான் பேராசிரியராக உட்கார்ந்து அவனைக் கேள்வி கேட்டேன். அவனுக்கு ஆங்கிலம் வரும். வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும்.

"வேற ஒண்ணும் யோசிக்காத மச்சா. டப்பா கதையைச் சொல்லு. அதுக்கப்புறம் அவங்க எதுவும் கேக்க மாட்டாங்க" என்றேன். மூன்று மாலைகள் அதை ஆங்கிலத்தில் சொல்லவைத்து, வாக்கியம் வாக்கியமாகத் திருத்திக் கொடுத்தேன். அப்படித்தான் அது என் நாக்கிலும் ஏறியது.

இன்னொன்றையும் சாட்சியாகிய நீங்கள் அறிந்திருக்க வேண்டும். மேடைப் பேச்சாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கோ எங்கோ நடந்ததை எங்களுக்கு நடந்ததாகச் சொல்வோம். நண்பருக்கு நடந்தது என்றால் அவையில் பாதிப் பேர் இருமத் தொடங்குவார்கள். போன வாரம் நான் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன் என்று ஆரம்பித்தால் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காரும். இரண்டு மொழிகளிலும் கோப்பைகள் வாங்கிய நான், ஏறாத பேருந்துகள் பலவற்றில் ஏறியிருக்கிறேன். நல்ல உடல்நலத்தோடு இருந்த என் மாமா ஒருவரைப் பரிசுக்காக ஒருமுறை மரணப் படுக்கையில் கிடத்தியிருக்கிறேன். எங்களில் யாரும் இதைப் பொய் என்று எண்ணியதில்லை.

பதினொன்றேகாலுக்கு என்னை அழைத்தார்கள்.

மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு தலைவர். இடப்பக்கம் கண்ணாடி அணிந்த ஒரு பேராசிரியை. வலப்பக்கம் ஏதோ தொழிற்சாலையின் மேலதிகாரி. பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது, தமிழில் தருகிறேன். மேலதிகாரி என் மின்சுற்றைப் பற்றிக் கேட்டார். படம் வரையச் சொன்னார். வரைந்தேன். அதில் ஓர் இடத்தைப் பேனாவால் தொட்டு, "இங்கே இந்த மின்தடையத்தை எதற்காக வைத்தீர்கள்?" என்றார். அதை வைத்தவன் வெளியே உட்கார்ந்திருந்தான். நான் பொதுவாகச் சில வாக்கியங்கள் பேசினேன். மேடையில் நான்காம் நிமிடத்தில் எச்சரிக்கை மணி அடிக்கும், முடித்துக்கொள்ளலாம். இங்கே மணி இல்லை. என் வாக்கியங்கள் முடிய வழியின்றிச் சுற்றிச் சுற்றி வந்தன. தலைவர் என் விண்ணப்பக் கோப்பை மெல்ல மூடினார். அந்த ஓசை எனக்கு நன்றாகக் கேட்டது.

அப்போதுதான் பேராசிரியை கேட்டார்: "உங்களுக்குப் பிடிபடாத ஒரு சிக்கலை எப்படிப் பிடித்தீர்கள்? ஒன்றைச் சொல்லுங்கள்."

தோற்றுக்கொண்டிருந்தேன். நான் தோற்றுப் பழகியவன் அல்லன். "அத்திபெலேயில் ஒரு மதியம், இயந்திரத்தின் அருகே நான் உட்கார்ந்திருந்தேன்" என்று என் வாய் தொடங்கிவிட்டது.

சொல்லச் சொல்ல அறை மாறியது. மேலதிகாரி நாற்காலியில் முன்னே நகர்ந்தார். தகரத் தட்டு வந்த இடத்தில் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். மூடிய கோப்பை மீண்டும் திறந்தார்.

"அதை மேலாளரிடம் தெரிவித்தீர்களா?" என்று பேராசிரியை கேட்டார்.

அவன் ஏன் தெரிவிக்கவில்லை என்று நான் அவனிடம் கேட்டதே இல்லை. பொறுப்புள்ள பதிலாகத் தோன்றியதைச் சொன்னேன்: "அன்றைக்கே தெரிவித்தேன்."

"டப்பாவில் என்ன சாப்பாடு?" புன்னகையோடுதான் கேட்டார்.

"எலுமிச்சைச் சாதம்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். தலைவர் எழுந்து எனக்குக் கை கொடுத்தார். நான்கு ஆண்டுப் போட்டிகளில் எந்த நடுவரும் எழுந்து எனக்குக் கை கொடுத்ததில்லை.

கதவைத் திறந்து வெளியே வந்ததும் அவன் முகம்தான் முதலில் தெரிந்தது. மடியில் கோப்பு, உதடுகள் அசைந்தபடி. எதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியும். என்னைக் கடந்து ஓர் ஊழியர் தேநீர்த் தட்டை உள்ளே கொண்டுபோனார். பதினைந்து நிமிடம் தொடங்கியது.

"எப்டிடா இருந்துச்சு? என்ன கேட்டாங்க?"

"சர்க்யூட்."

"அப்புறம்?"

அவனை மாடிப்படிப் பக்கம் அழைத்துப் போனேன். என்னிடம் மூன்று வாதங்கள் தயாராக இருந்தன, எப்போதும் இருக்கும். முதலாவதை எடுத்தேன். "டப்பா கதை வேணாம்டா. அவங்க டெக்னிக்கலாத்தான் கேக்கறாங்க. உனக்கு அதுதான் பலம்."

"மூணு நாள் அதைத்தானே படிக்கவச்ச?"

"இங்க வந்து பார்த்தப்புறம் தோணுது."

"டெக்னிக்கல் எட்டுப் பேருக்கும் தெரியும். அது ஒண்ணைத் தவிர எங்கிட்ட வேற என்னடா இருக்கு?"

இரண்டாவது வாதத்தை எடுக்க வாய் திறந்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பல மேடைகளுக்குப் பார்வையாளனாக வந்தவன் அவன். என் மாமாவின் மரணப் படுக்கைக்கும் கைதட்டியவன்.

"சொல்லிட்டியா?" என்றான்.

நான் தலையை மட்டும் அசைத்தேன்.

"முழுசா?"

"ம்."

"தட்டு வரைக்கும்?"

"மேலாளர்கிட்ட உடனே சொன்னேன்னும் சொல்லிட்டேன்."

"மேலாளர்கிட்டயா? சொல்லியிருந்தா அந்த அக்காங்களை அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பான். அதனாலதானே நான் வாயே திறக்கல." அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "வேற என்ன கேட்டாங்க?"

"டப்பால என்ன சாப்பாடுன்னு."

"என்ன சொன்ன?"

"எலுமிச்சைச் சாதம்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது. "எலுமிச்சைச் சாதத்தை எவன்டா சூடு பண்ணுவான்? ராகி உருண்டையும் கீரைச் சாறும்டா. ஆறினா கல்லு. அதுக்குத்தான் அந்த அக்காங்க அந்தப் பாடு பட்டாங்க."

கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியில் ஓர் அடி இறங்கினான்.

"எங்கடா போற?"

"வீட்டுக்கு. நீ சொன்னா கைகுடுப்பாங்க. அதையே பத்து நிமிஷம் கழிச்சு நான் திக்கித் திக்கிச் சொன்னா, வெளியில ஒட்டுக் கேட்டு வந்திருக்கான்னு நினைப்பாங்க. சும்னே எதுக்கு அசிங்கப்படணும்?"

கோபம் வந்தால் அவனுக்குச் சும்மாகூடக் கன்னடத்தில் சும்னே ஆகிவிடும். நான் அவன் முழங்கையைப் பிடித்தேன். உதறினான். மறுபடி பிடித்தேன். நடைக்கூடத்துக் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது. காலித் தேநீர்க் கோப்பைகளோடு ஊழியர் வெளியே வந்து பட்டியலைப் பார்த்து அவன் பெயரைக் கூப்பிட்டார்.

"இங்கயே நில்லு. ரெண்டு நிமிஷம் நில்லு" என்றேன். அவன் நிற்கிறானா என்று பார்க்காமல் நடந்தேன். ஊழியர், "சார், உங்களுது ஆயிடிச்சு சார்" என்று கை நீட்டித் தடுத்தார். அவர் கைக்கு அடியில் குனிந்து நுழைந்தேன். கோப்பை வாங்கிய மேடை எதற்கும் நான் அப்படிக் குனிந்து ஏறியதில்லை.

மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "உங்களை அழைக்கவில்லையே" என்றார் தலைவர்.

முன்னுரை தேடினேன். வரவில்லை. "டப்பாக்களைக் கண்டுபிடித்தவன் நான் அல்லன். அடுத்து வர வேண்டியவன். அந்த மூன்று வாரமும் நான் அத்திபெலேயிலேயே இல்லை. மேலாளரிடம் தெரிவித்ததாகச் சொன்னதும் பொய்."

மேலதிகாரி பேனாவை மேசைமேல் வைத்தார். தலைவரின் முகம் இறுகியது. பேராசிரியை மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகக் கேட்டார்:

"அவர் எட்டாவது ஆளாக, நாளைக்கு வரும் ஆளாக, வராத ஆளாக இருந்திருந்தால்?"

எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசக்கூடியவன் நான். இதற்கும் இரண்டு பக்கமும் பேசலாம் என்பது அந்த நொடியிலும் எனக்குத் தெரிந்தது. ஒன்று கண்ணீரை வரவழைக்கும் அளவுக்கு நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லவில்லை.

"திரும்பி வந்திருக்க மாட்டேன்" என்றேன்.

அவர் கண்ணாடியை மீண்டும் மாட்டிக்கொண்டார். "போய் அவரை அனுப்புங்கள்" என்றார்.

அவன் மாடிப்படியில் இல்லை. கீழ்த்தளத்துக்கு ஓடினேன். குடிநீர்க் குழாயருகே முகம் கழுவிக்கொண்டு நின்றிருந்தான். "சொல்லிட்டேன். போ. நீ எப்படிப் பேசறியோ அப்படியே பேசு" என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினான்.

நாற்பத்தைந்து நிமிடம். நான் உள்ளே இருந்தது அதில் பாதிகூட இல்லை. ஆறாவதாகக் காத்திருந்தவன் என்னிடம் மூன்று முறை மணி கேட்டான். கதவுக்குப் பின்னால் ஒருமுறை சிரிப்புச் சத்தம் கேட்டது. அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று கண்டுபிடிக்க முயன்று தோற்றேன். வெளியே வந்தவன் நிற்காமல் படியிறங்கினான். பின்னாலேயே போனேன். வளாக வாசலைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்து நிழலுக்கு வந்த பிறகுதான் பேசினான்.

"டப்பால என்ன சாப்பாடுன்னு கேட்டாங்க."

"நீ?"

"சொன்னேன். அந்த மேடத்துக்கு ராகி உருண்டை பிடிக்குமாம்."

நான் சிரிக்கப் பார்த்தேன்.

"சிரிக்காத. நான் உன்னை மன்னிச்சுட்டேன்னு எங்கயாவது மேடையில பேசிவைக்காத. இன்னும் மன்னிக்கல."

மே மாதத்தில் முடிவு வந்தது. அவனுக்கு இடம் கிடைத்தது. எனக்கு வந்தது நான்கு வரிக் கடிதம். அந்த நிறுத்தத்தில் நின்றபோது இருவருக்குமே இது தெரியாது. அவனுக்கு இடம் போய்விட்டது என்றே நான் எண்ணிக்கொண்டிருந்தேன், கேட்கத் துணிவில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றேன்.

"மறுபடியும் பேச்சா?"

சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அப்போது ஒரு லாரி எங்களைக் கடந்து போனது.

"கேக்கல" என்றான், சாலையைப் பார்த்தபடி. "மத்ததெல்லாம் கடைசி வரிசை வரைக்கும் கேக்கற மாதிரிதானே சொல்லுவ?"

நிறுத்தத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். பள்ளிச் சீருடையில் சில சிறுமிகள், மஞ்சள் பையோடு ஓர் அம்மாள், செய்தித்தாள் விரித்தபடி ஒருவர். நான் குரலை உயர்த்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு நடக்காததை எனக்கு நடந்ததாக இனி எந்த அவையிலும் சொல்ல மாட்டேன். யாருக்கு நடந்தது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்."