ஆமெனில் விழுந்த ஓட்டை

என் அத்தைக்குத் தையல் தொழில், பாட்டு உயிர். தேவாலயப் பாடகர் குழுவில், பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ வரிசையில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறாள். லத்தீன் ஒரு சொல் புரியாது. ஆனால் பாட்டு முழுவதையும் தன் அளவு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து, மெஷினை மிதித்துக்கொண்டே மனப்பாடம் செய்துவிடுவாள். ஒருமுறை யாருடைய இடுப்பளவுக்கோ நேராக ‘இரக்கமாயிரும்’ என்று பொருள்படும் லத்தீன் சொல் எழுதியிருந்தது. தற்செயல்தான்.

அத்தைக்குப் பக்கத்தில் நிற்பவள் அவளுடைய ஓரகத்தி, மாமாவின் தம்பி மனைவி. நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தன் மகளின் கல்யாண ஜாக்கெட்டை ஓரகத்தி வெளியே தைக்கக் கொடுத்துவிட்டாள். வீட்டிலேயே தையற்காரி இருக்கும்போது! அத்தை கல்யாணத்துக்குப் போனாள், சாப்பிட்டாள், வந்தாள். அதோடு சரி.

இந்த வருடப் பாட்டு, பதினாறு எண்ணிக்கை நீளும் ஓர் ஆமெனில் முடிகிறது. எந்த மனிதரும் அவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடியாது. பக்கத்தில் நிற்பவர்கள் ஒரே சமயத்தில் மூச்சு வாங்காமல் பேசிவைத்துக்கொள்ள வேண்டும் என்றார், குழுவை நடத்தும் கணக்கு வாத்தியார். எல்லோரும் பேசிவைத்துக்கொண்டார்கள். இவர்கள் எங்கே பேசுவது? முதலில் மூச்சு வாங்குபவள் தோற்றவள் என்று இருவரும் முகம் சிவக்க இழுப்பார்கள். அத்தை வாங்கிய மறுநொடி ஓரகத்தியும் வாங்குவாள். ஆமென் நடுவில் ஓட்டை விழும். பின்வரிசையில் நிற்கும் எனக்கே சிரிப்பு வரும்.

மூன்றாவது வார ஒத்திகையில் வாத்தியார் பொறுமை இழந்தார். “யாருக்கு மூச்சு பத்தலையோ, அவங்க ஞாயித்துக்கிழமை கீழ உக்காந்து கேளுங்க.”

அன்று வீட்டுக்கு வரும் வழியில் அத்தை நின்று நின்று நடந்தாள். “வீம்பு மட்டும் இல்லடா. நூல் தூசி நெஞ்சுல ஏறிடுச்சு. ஆறு எண்ணுறதுக்குள்ள மூச்சு தீந்துடுது.”

“வாத்தியார்கிட்ட சொல்லிடுங்க அத்தை.”

“சொன்னா உக்கார வச்சிடுவார். அவ மேல நின்னு பாடுவா, நான் கீழ உக்காந்து பாக்கணுமா?”

எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஆமென் வந்தது. நான் பாடுவதை விட்டுவிட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு. அஞ்சு. ஆறில் அத்தையின் கழுத்து நரம்பு புடைத்தது. அப்போது ஓரகத்தியின் முழங்கை அவள் விலாவில் ஓர் இடி இடித்தது. அத்தை திடுக்கிட்டு மூச்சு வாங்கினாள். ஓரகத்தி வாங்கவில்லை. அத்தையின் குரல் திரும்பி வந்து நிலைத்த பிறகே அவள் வாங்கினாள். பதினாறு வரை ஓட்டை இல்லை.

பாட்டுத் தாள்களை அடுக்கும் அறையில் ஓரகத்தி வாய் திறந்தாள்.

“ஆறுல உங்களுக்கு மூச்சு முடியுதுன்னு போன வாரமே தெரியும்க்கா. சொன்னா வாயில இருந்து முத்து உதிர்ந்துடுமா?”

நாலு வருடத்துக்குப் பிறகு வந்த ‘அக்கா’. அத்தை தாள்களின் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சமப்படுத்தினாள். ஏற்கெனவே சமமாகத்தான் இருந்தன.

“உன் பொண்ணோட கல்யாண ஜாக்கெட் தோள்ல இழுத்துச்சு,” என்றாள். “அன்னைக்கே பாத்தேன். கொண்டா, பிரிச்சுத் தச்சுத் தரேன்.”