மூன்றாம் பாகத்தின் மூச்சு

“நாலாம் பார்ட்ல அடி விழுதுலே, ஆனா ஒருத்தனும் மூச்சு விட மாட்டேங்கான்.”

உலகம்மை அக்கா இதை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சொல்வார். டீ குடித்துக்கொண்டே சொல்வார், ஒயரைச் சுற்றிக்கொண்டே சொல்வார். ஆரியசாலையில் மிளகாய் மொத்தக்கடைக்கு மேலே, மரப்படி ஏறினால் அவருடைய கேம் கடை. படியில் நின்று அவர் குரலிலேயே இதைச் சொல்லி, மேலே இருப்பவர்களை நான் பல தடவை ஏமாற்றியிருக்கிறேன். “என் தொண்டைய எனக்கே விக்க வாறியாலே, அனந்தே?” என்று அக்கா எட்டிப் பார்ப்பார். அதையும் திருப்பிச் சொல்வேன்.

அவர் சொல்வது ‘தண்டர் யார்ட்’ என்ற சண்டை விளையாட்டை. இரண்டு பேர் ஆளுக்கொரு வீரனை எடுத்து அடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மூன்றாம் பாகத்தில் பின்னால் ஒரு மொட்டைச் சுவர், முன்னால் இரண்டு பேர். ஓங்கி அடிப்பதற்கு முன் ஒவ்வொரு வீரனும் மூச்சை இழுப்பான். டோர்கா என்ற தடியன் இழுத்தால் தம்பானூர் ஸ்டாண்டில் பஸ் பிரேக் பிடித்தது போலிருக்கும். இவா என்ற ஒல்லிப் பெண்ணுக்கு, விசிலடிக்கப் போகும் குக்கரின் சீற்றம். நாலாம் பாகத்தில் மழை பெய்யும், முடி பறக்கும், பொறி தெறிக்கும், மேளம் சுவரை அதிர வைக்கும். எங்களுக்கெல்லாம் அதுதான் உயிர்.

அக்காவுக்குக் காதுதான் விளையாட்டு. வள்ளியூரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். புருஷன் திரவியம் சிடி வாடகைக் கடை போட்டு, சிடி ஓடாமல் ஆனதும் இரண்டு கேம் பெட்டி வாங்கினார். பிறகு அவர் விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலைக்குப் போய்விட, கடை அக்கா கைக்கு வந்தது. ஆள் குறையும்போது பையன்கள் “அக்கா, ஒரு கை” என்று கூப்பிடுவார்கள். ஆனால் செருப்போடு ஏறுகிறவனைப் பிடிக்க அவர் படி வாசலைப் பார்த்தே உட்கார வேண்டும். ஆகவே டிவிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, மூச்சுச் சத்தம் கேட்டு அடியைத் தடுக்கப் பழகினார். “ஏல, செருப்பு!” என்று படியைப் பார்த்துக் கத்திக்கொண்டே டோர்காவை மல்லாத்துவார். மூன்றாம் பாகத்தில் அவரை ஜெயித்தவர் கிடையாது. நானும் முயன்று, எண்ணிக்கையை மறந்துவிட்டேன்.

நாலாம் பாகத்தில் மேளம் மூச்சை முழுங்கிவிடும். அங்கே அவர் யாரிடமும் தோற்பார்.

பாலிடெக்னிக்கில் படிக்கும், மலையாளம் கலந்து பேசும் விபின்தான் ஒரு நாள் வாயைத் திறந்தான். “அக்கா, பெரிய டிவில இனி நாலாம் பார்ட் மட்டும் போதும், கேட்டோ. மூணு வேண்டா.”

கடையில் பெரிய டிவி ஒன்றுதான். மற்ற இரண்டிலும் கார் ஓட்டுகிற சின்னப் பிள்ளைகள். பெரிய டிவியிலிருந்து போனால் மூன்றாம் பாகம் அட்டைப்பெட்டிக்குள் போகும். அப்புறம் அக்கா கண்ட்ரோலரை எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்கிற ஆள், அவ்வளவுதான். ஒரு கை கேட்டு யாரும் கூப்பிட மாட்டார்கள். அது அவருக்கும் தெரிந்தது. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“என்னைய ஜெயிச்சுட்டுத் தூக்குலே.”

“மூணுல அக்காவ தோல்ப்பிக்க முடியாது, அது எனக்குத் தெரியும். நாலுல ஆடணும். ஒம்பது ரவுண்டு, அஞ்சு ஜெயிச்சவங்க பறயுறது மாதிரி.”

“வாலே. சனிக்கிழமை.”

ரோஷத்தில் வந்த பதில். சொன்ன பிறகுதான் அக்காவுக்கு மேளம் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை கீழே மிளகாய் லோடு வந்து இறங்கியது. அந்த மாதிரி நாட்களுக்கென்றே கடையில் ஒரு சட்டம் உண்டு: தும்மினால் ஆட்டம் நிற்கும். தும்முகிறவன் கண் மூடியிருக்கும்போது அடிப்பது அசிங்கம். எதிராளிதான் பட்டனை அழுத்தி நிறுத்த வேண்டும். நாலாம் பாகத்தில் அக்கா நிறுத்தியதே இல்லை. அதற்குள் தோற்றிருப்பார்.

விபின் டோர்காவை எடுத்தான், அக்கா இவாவை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு ரவுண்டு விபினுக்கு. ஒவ்வொரு ரவுண்டுக்கும் அவன் என் பக்கம் திரும்பி, “கமெண்டரி பறயடா” என்றான். நான் ஸ்கோரை மட்டும் சொன்னேன்.

ஐந்தாவது ரவுண்டின் நடுவில் விபின் தும்மினான். அக்கா உடனே நிறுத்தினார். திரையில் வரிவரியாக எழுத்தும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கோடும் வந்தன.

“இது என்னலே, கோடு கோடா?”

“செட்டிங்ஸ் அக்கா. மியூசிக், வாய்ஸ், எஃபெக்ட்ஸ்.” விபின் மூக்கைத் துடைத்தான். “மியூசிக் கொறச்சிடாதீங்க, பின்னே கேம் செத்துப் போகும்.”

அக்கா மியூசிக்கைக் கடைசிவரை இறக்கினார்.

மேளம் நின்றது. ஒரு கணம், கீழே மூட்டை விழுகிற சத்தம் மட்டும். அப்புறம் தம்பானூர் பஸ் பிரேக் பிடித்தது. டோர்காவின் மூச்சு! இத்தனை வருஷமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. காது கிழிய மேளம் கேட்ட எங்களில் ஒருவனும் அந்தக் கோட்டைத் தொட்டதில்லை.

அக்கா மெதுவாக முகத்தைப் படி வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதைப் பார்த்ததுமே விபினின் முதுகு நிமிர்ந்தது.

ஐந்து அக்காவுக்கு. ஆறு, ஏழு, எட்டு. நாலுக்கு நாலு. கடைசி ரவுண்டில் இருவருக்கும் ஓர் அடி விழுந்தால் போய்விடுகிற உயிர்தான் மிச்சம். டோர்கா மூச்சிழுத்தான், கொஞ்சம் இளைத்த, குட்டையான மூச்சு. இவா குனிந்தாள். அடி தலைக்கு மேலே போயிற்று. “ஏல, செருப்பு!” என்று அக்கா படியில் வந்தவனைப் பார்த்துக் கத்தினார். டோர்கா மல்லாந்து கிடந்தான்.

நான் விசிலடித்தேன். விபின் விடவில்லை. “அப்போ இத்தனை வருஷமா நாலாம் பார்ட்ட சும்மா குத்தம் பறஞ்சதல்லே? நல்ல கேம்னு சம்மதிக்கணும் அக்கா.”

அக்கா கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“மூணை விட நல்லாத்தாம்லே இருக்கு, யாரு இல்லன்னா? அடி வாங்க வாங்க டோர்காவுக்கு மூச்சு எளைக்கி, மூணுல அது கெடையாது. ஆனா வாயை அடைச்சாத்தான் அதுக்க நல்ல கொணம் வெளிய தெரியுது, ஒன்னைய மாதிரியே. பெரிய டிவில மூணே கெடக்கட்டும். கண்ட்ரோலரைத் தொடைச்சு வச்சுட்டு எந்திரி, பூரா தும்மிப் போட்டுருக்க.”